பத்து நாள் அப்போஸ்தலர்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துச் சபைகளில் ஞாயிறு ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில் இப்போதெல்லாம் ஒரு சொல் அடிக்கடி காதில் விழுகிறது. மிஷன் ட்ரிப்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். வாலிபர் கூட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் காலேஜ், மீதிப் பேர் வேலைக்குச் சேர்ந்து ஓரிரண்டு வருடம் ஆனவர்கள். நேபாளம், இலங்கை, தாய்லாந்து, கம்போடியா என்று டிக்கெட் விலை ரொம்பக் கையைக் கடிக்காத ஒரு நாடு. மொத்தம் பத்து நாள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டி-சர்ட், முதுகில் ஒரு வசனம். போன இடத்தில் ஒரு சின்னச் சபையில் நாலு பாட்டு, பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம், பலூன், ஒரு காப்பகத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுவது, ஒரு தெருவில் கைப்பிரதி. எட்டாவது நாள் 'ரெஸ்ட் டே' என்ற பெயரில் கடற்கரையோ, மலையோ, மார்க்கெட்டோ. திரும்பி வந்த ஞாயிறு ஆளுக்கு மூன்று நிமிடம் சாட்சி. "அந்தப் பிள்ளைங்க முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பார்த்தப்போ, நம்மள ஆண்டவர் எவ்வளவு ஆசீர்வதிச்சிருக்காருன்னு புரிஞ்சுது பாஸ்டர்" என்ற வரி அதில் எப்படியும் வந்துவிடும்.

அந்த வரியைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். போனது அவர்களுக்காக என்று சொல்லி. புரிந்ததோ தன்னைப் பற்றி!

மதம் மாற்றலாமா கூடாதா என்ற சண்டை இங்கே வேண்டாம். அதற்கு டீக்கடையிலிருந்து டி.வி. வரைக்கும் இடம் நிறைய இருக்கிறது. இங்கே கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்தப் பத்து நாளுக்கு ஊழியம் என்று பெயர் வைக்கலாமா? கூடாது. இது சுற்றுலா. இருபது வயதில் ஊர் சுற்றிப் பார்ப்பது பாவம் ஒன்றும் இல்லை, எல்லோரும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கு ஊழியம் என்று பெயர் சூட்டி, ஊரில் இருக்கிற விதவைப் பாட்டி வரைக்கும் காணிக்கை வாங்கி, போன இடத்தில் ஒரு ஏழைச் சபையின் பத்து நாளைத் தின்றுவிட்டு வருவது நேர்மையான காரியம் இல்லை.

இதைச் சொல்வதற்கு சென்னையின் மேற்குப் புறநகருக்கு மற்ற ஊர்களைவிட அதிகத் தகுதி உண்டு. காரணம், அம்பத்தூர் ஹைஸ்கூல் ரோடு. எஃப்.எம்.பி.பி. என்று சபைக்காரர்கள் சுருக்கிச் சொல்லும் ஃப்ரெண்ட்ஸ் மிஷனரி ப்ரேயர் பேண்ட் அமைப்பின் தலைமை அலுவலகம் அந்த ரோட்டில்தான். மிஷனரி என்றதும் வெள்ளைத் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஞாபகம் வருகிறவர்கள் இந்த அமைப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். 1959இல் திருநெல்வேலிப் பக்கத்தில், லீவு நாட்களில் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். நடத்திக்கொண்டிருந்த வாலிபர்கள் சிலர் கூடி ஜெபிக்க ஆரம்பித்ததுதான் தொடக்கம். முதல் மிஷனரியை அனுப்பியது எப்போது தெரியுமா? 1967இல். இடையில் எட்டு வருடம். எட்டு வருடம் உட்கார்ந்து ஜெபித்து, காசு சேர்த்து, யோசித்து, அப்புறம்தான் ஓர் ஆளை அனுப்பினார்கள். இப்போது ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து எட்டு வாரத்தில் டீமே ஏர்போர்ட்டில் நிற்கிறது.

அனுப்பப்பட்டவர்கள் பிறகு குஜராத், ஒடிசா, பீகார் என்று பரவினார்கள். அவர்கள் போன இடங்களில் ஒன்று ராஜ்மகால் மலை. இன்றைய ஜார்க்கண்டின் வடகிழக்கு மூலை. சாகிப்கஞ்ச், பாகுர், கோட்டா மாவட்டங்கள். அங்கே மால்டோ பேசும் பஹாடியா மக்கள் இருக்கிறார்கள். காலா அசார் என்ற நோயை ஜார்க்கண்ட் முழுக்கத் தேடினால் நான்கு மாவட்டங்களில்தான் பிரதானமாக இருக்கும், அதில் மூன்று இவை. மலேரியா தனி. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்துப் பையன்கள் கல்யாணம் ஆன கையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்க் குடியிருந்தார்கள். பிள்ளைகளை அங்கேயே பெற்றார்கள். மால்டோ மொழியைப் படித்தார்கள்.

(ஒரு சுவாரசியம். மால்டோ திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 'நீ' என்பதற்கு அங்கே 'நின்'. 'கண்' என்பதற்கு 'கனு'. இங்கிருந்து வங்காள விரிகுடா ஓரமாகவே ஒன்றரை நாள் ரயிலில் போய் இறங்கினால், யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு சொந்தக்காரன் மாதிரி மலை மேல் ஒரு மொழி உட்கார்ந்திருக்கிறது. இதைப் பத்து நாளில் கண்டுபிடிக்க முடியாது. முதல் பத்து நாளில் கண்டுபிடிக்க முடிவது கழிப்பறை எங்கே என்பதை மட்டும்தான்.)

அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து? அம்பத்தூரிலும் பாளையங்கோட்டையிலும் வாரா வாரம் ஒரு வீட்டில் கூடும் ஜெபக்குழுக்களிலிருந்து. ஆசிரியர்கள், ரயில்வே குமாஸ்தாக்கள், டேங்க் ஃபேக்டரி தொழிலாளிகள். மாதம் ஒரு சிறு தொகை. ஒரு குழு ஒரு மிஷனரியைத் தாங்கும். இருபது வருடம், முப்பது வருடம் தாங்கும். தாங்குகிறவர் அந்த மிஷனரியைப் பார்த்தே இருக்க மாட்டார். போட்டோ எடுத்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. மேற்குச் சென்னைக்கு இந்த விஷயத்தில் இப்படி ஒரு பரம்பரை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பத்து நாள் பலூன் ஊழியத்தின் உயரம் தெரிகிறது.

"அது பழைய காலம், அப்போ லீவு கிடைக்காது, ப்ளைட் கிடையாது" என்பார்கள். சரி, இன்னும் பழைய காலத்துக்கே போவோம். சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706 ஜூலையில். வயது இருபத்துநாலை ஒட்டி. இன்றைய வாலிபர் கூட்டத்து வயதுதான். வந்தவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது. 1719இல் இதே மண்ணில் செத்தார். ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951இல் டோனாவூரில் இறக்கும் வரை ஒருமுறைகூட ஊருக்குத் திரும்பவில்லை. இவர்கள் செய்ததில் சண்டை போட ஆயிரம் விஷயம் இருக்கலாம். ஆனால் ரிட்டர்ன் டிக்கெட்டோடு வந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

வெள்ளைக்காரர் கதை போதும். வேதநாயகம் சாமுவேல் அசரியா தமிழர், தூத்துக்குடிப் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர். 1902இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ் மாணவர்கள் தாங்களாகவே ஒரு மிஷனரிச் சங்கம் நடத்திக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு மிஷனரிச் சங்கம்! எந்த வெளிநாடு? இந்தியா. கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற தொண்டி. யாழ்ப்பாணத்து மாணவர்களுக்குத் தமிழ்நாடு மிஷன் ஃபீல்டாக இருந்திருக்கிறது! ஆனால் அவர்கள் கூட்டமாக வந்து தொண்டியில் பத்து நாள் பாட்டுப் பாடிவிட்டுப் போகவில்லை. காசு சேர்த்து ஆள் அனுப்பித் தங்க வைத்தார்கள். இதைப் பார்த்துவிட்டு வந்த அசரியா வெட்கப்பட்டார் என்று சொல்வார்கள். அடுத்த வருடமே, 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆள் இந்தியர், பணம் இந்தியப் பணம், நிர்வாகம் இந்திய நிர்வாகம். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஆள் போனது. அசரியாவும் பிறகு அங்கேயே போனார், 1912இல் பிஷப் ஆனார், 1945இல் அங்கேயே அடக்கம் ஆனார்.

இவரே 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் எழுந்து நின்று வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு முன்னால் ஒரு பேச்சுப் பேசினார். நீங்கள் ஏழைகளுக்குப் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்பது அதன் சாரம். இருபது வருடம் ஒரே ஊரில் இருந்துவிட்டு, உள்ளூர் ஊழியக்காரனைச் சரிசமமாக உட்கார வைத்துச் சாப்பிடாதவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. இருபது வருடத்தில் வராத நட்பு பத்து நாளில் வந்துவிடும் என்று நம்புவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஃபாலோ பண்ணுவது நட்புக் கணக்கில் வராது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாங்கும் பக்கத்தில் நின்று பார்த்த அனுபவம் நம்மூர்ச் சபைகளுக்கே உண்டு. வெளிநாட்டு டீம் வருகிறது என்றால் என்ன நடக்கும்? ஒரு வாரம் முன்பே சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். டாய்லெட்டுக்கு புதுக் கதவு வரும். பாஸ்டர் வீட்டு ஒரே ஏ.சி. ரூமை விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டு பாஸ்டர் குடும்பம் ஹாலில் பாய் விரிக்கும். பாஸ்டரம்மா பத்து நாள் அடுப்பை விட்டு நகர மாட்டார், அதுவும் காரம் போடாத குழம்பு. வேலை நாளில் மீட்டிங் வைத்தால் கூட்டம் வராது என்று, வெள்ளைக்காரப் பெண் கிடார் வாசிப்பாள் என்று சொல்லித் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். ஒரு வாக்கியம் ஆங்கிலம், ஒரு வாக்கியம் தமிழ் என்று மொழிபெயர்ப்பு போகும். மொழிபெயர்ப்பவர் நல்லவராக இருந்தால், விருந்தாளி சொன்ன ஜோக்கை விட்டுவிட்டு "இப்போ எல்லோரும் சிரிங்க" என்று மட்டும் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். டீம் போனதும் பாஸ்டரம்மா இரண்டு நாள் படுத்துக்கொள்வார். பிள்ளைகள் அடுத்த வாரம் வந்து "அக்கா எங்கே?" என்று கேட்டுவிட்டு அப்புறம் வரமாட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்துச் சலித்தவர்கள்தான் இப்போது அதே கூத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கம்போடியாவுக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பாஸ்டரம்மா காரம் போடாத குழம்புக்குப் பதிலாகக் காரம் போட்ட குழம்புக்கு மிளகாய் தேடிக்கொண்டிருப்பார். அவ்வளவுதான் வித்தியாசம்.

காசைப் பேசுவோம். பேசினால் ஆவிக்குரிய ஆள் இல்லை என்பார்கள், பரவாயில்லை. பன்னிரண்டு பேர், ஆளுக்கு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 7,20,000 ரூபாய். டிக்கெட், விசா, தங்கல், டி-சர்ட். இதில் போன ஊர்ச் சபைக்குக் கடைசி நாள் ஒரு கவரில் கொடுப்பது எவ்வளவு என்று ட்ரிப் போய் வந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். இதை அமெரிக்காவில் ஒருத்தர் முறையாகவே கணக்குப் பார்த்திருக்கிறார். கர்ட் வெர் பீக் என்று கால்வின் காலேஜ் பேராசிரியர், ஹோண்டுராஸில் இருந்தவர். 1998இல் மிட்ச் புயல் அடித்து வீடெல்லாம் போனபோது, அமெரிக்கச் சபைகளிலிருந்து வாலிபர் டீம்கள் வீடு கட்டப் போயின. ஒரு வீடு கட்ட ஒரு டீமுக்கு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து, சராசரியாக ஆன செலவு 30,000 டாலர். அதே வீட்டை அந்த ஊர்க் கிறிஸ்தவ அமைப்பு 2,000 டாலரில் கட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக் காசில் பதினைந்து வீடு! உள்ளூர்க் கொத்தனாருக்கு வேலையும் கிடைத்திருக்கும்.

"அது சரி, ஆனா போய்ட்டு வந்த பிள்ளைங்க மாறிடறாங்க இல்ல? ஒரு பாரம் வருது இல்ல?" என்பதுதான் எல்லா சபையிலும் வரும் பதில். இதைத்தான் அந்த ஆள் இரண்டாவதாகத் தேடினார். திரும்பி வந்தவர்கள் அதிகமாகக் காணிக்கை கொடுத்தார்களா, அதிகமாக ஜெபித்தார்களா, அந்த ஊரோடு தொடர்பு வைத்திருந்தார்களா என்று. மாறிவிட்டோம் என்று சொன்னவர்கள் நிறைய. மாறியதற்கான தடயம் ரொம்பக் குறைச்சல். அமெரிக்காவிலிருந்து வருடத்துக்கு 16 லட்சம் பேர் இப்படி வெளிநாடு போய் வருகிறார்கள் என்று 2000களின் நடுவில் ராபர்ட் வுத்னோ என்ற சமூகவியலாளர் கணக்கிட்டார். இத்தனை பேர் உண்மையிலேயே மாறித் திரும்பியிருந்தால் அமெரிக்காவே இந்நேரம் வேறு நாடாக அல்லவா இருக்க வேண்டும்?

மாறினார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், ஒருத்தன் மனம் மாறுவதற்கு இன்னொருத்தன் வறுமை ஏன் பாடப் புத்தகமாக வேண்டும்? இவான் இலிச் என்று ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் இருந்தார். 1968 ஏப்ரலில், மெக்சிகோ கிராமங்களில் சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்கள் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். வாழ்த்துவார் என்று நினைத்திருப்பார்கள் போல. அவர் நின்றபடியே, ஊரைப் பார்க்க வாருங்கள், மலை ஏற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்கிறேன் என்று மட்டும் வராதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அவர் சொன்னதைக் கேட்டவர்களுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கும். பேச்சு இன்னும் பழசாகவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வீண் செலவு, வீண் பெருமை ரகம். இனி சொல்வது அப்படி இல்லை, இதில் மற்றவர்களுக்கு அடிபடுகிறது.

முதலில் காப்பகங்கள். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் நடுவில் அநாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. போர் எதுவும் நடக்கவில்லை, கொள்ளை நோய் எதுவும் வரவில்லை. பிறகு ஏன் கூடியது? அந்நாட்டு அரசும் யுனிசெஃபும் சேர்ந்து 2011இல் ஆய்வு வெளியிட்டபோது காரணம் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். வெளிநாட்டு விருந்தாளிகளும் அவர்கள் தரும் காசும் வர வர, ஏழைப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளை வாங்கிவந்து இல்லங்களை நிரப்பினார்கள். பார்க்க ஆள் வந்ததால் அநாதைகள் உருவானார்கள்! அந்தப் பிள்ளை ஒரு வருடத்தில் எத்தனை டீமுக்கு முன்னால் அதே பாட்டைப் பாடியிருக்கும், எத்தனை அக்காக்கள் மடியில் உட்கார வைத்துவிட்டுப் பத்தாம் நாள் அழுதுகொண்டே டாட்டா காட்டியிருப்பார்கள்? அக்கா அழுவது ஒருமுறை. அந்தப் பிள்ளைக்கு அது மாதா மாதம்.

(நம்மூரில் பிறந்த நாளுக்கு ஹோமில் பிரியாணி போட்டு, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து 'ஹேப்பி பர்த்டே அண்ணா' பாட வைக்கிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தரம் படிக்கலாம். அதற்கு விசாகூடத் தேவையில்லை.)

அடுத்தது சட்டம். இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம், அதனால் 'ஃபாரின் மிஷன் ட்ரிப்' என்று சொல்லிக்கொள்ள மிக மலிவான நாடு அதுதான். ஆனால் நேபாளத்தின் 2015 அரசியல் சட்டமே மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்கு 5 வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டுக்காரன் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். இந்தச் சட்டம் நியாயமா என்பது வேறு விவாதம், நியாயம் இல்லை என்று சொல்பவர்கள் நேபாளத்திலேயே நிறைய இருக்கிறார்கள். ஆனால் அது இருக்கிறது. 2020இல் போக்ராவில் கைதான உள்ளூர் போதகர் ஒருவருக்கு 2021இல் கோர்ட் 2 வருடம் கொடுத்தது, மேல்முறையீட்டில் அது 1 வருடம் ஆனது. காத்மாண்டுத் தெருவில் கைப்பிரதி கொடுத்துவிட்டு ஆவடிப் பையன் பதினோராம் நாள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பான். அந்தத் தெருவில் இருக்கிற போதகரின் வீட்டுக்கதவைத்தான் போலீஸ் தட்டும். டீம் கிளம்புவதற்கு முன் ஜெபிக்கும்போது இந்த ஆளின் பெயர் எத்தனை முறை வந்தது?

இந்தியாவுக்குள்ளும் இதே கணக்குதான். 2022இல் அசாமில் டூரிஸ்ட் விசாவில் வந்து மதக் கூட்டத்தில் கலந்துகொண்டதாக ஏழு ஜெர்மானியர்களைப் பிடித்தார்கள், ஆளுக்கு 500 டாலர் அபராதம். கதை முடிந்தது. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்கர் வடக்கு சென்டினல் தீவுக்குப் போய் அம்பு பட்டுச் செத்தார். அவரை அவசரக்காரர் என்று சொல்ல முடியாது, வருடக்கணக்கில் தயாராகி வந்தவர். திரும்பி வர மாட்டோம் என்று தெரிந்தும் போனவர். அவருடைய உயிர் அவருடையது. ஆனால் படகில் கொண்டுபோய் விட்ட மீனவர்களுக்கு அவர் கொடுத்தது 25,000 ரூபாய். அவர் செத்த பிறகு அந்த மீனவர்களும் அவர்களுக்குத் துணைபோனவர்களுமாக ஏழு பேர் கைதானார்கள். சாவ் பற்றி உலகமே கட்டுரை எழுதியது, சினிமாவே வந்தது. மீனவர்களைப் பற்றி இரண்டு வரிகூட யாரும் எழுதவில்லை.

எதிர்ப்பக்கத்தில் கிரஹாம் ஸ்டெய்ன்ஸ். 1965இல் ஒடிசாவுக்கு வந்தவர், மயூர்பஞ்சில் குஷ்டரோகிகளோடு முப்பத்துநாலு வருடம். 1999 ஜனவரியில் மனோகர்பூரில் அவரையும், 10 வயது பிலிப்பையும், 6 வயது திமோத்தியையும் ஜீப்போடு கொளுத்தினார்கள். அதற்குப் பிறகும் கிளாடிஸ் அம்மா உடனே ஊருக்கு ஓடவில்லை. 2004 வரை அங்கேயே இருந்தார். அவருக்கும் ஆஸ்திரேலியாவுக்கு ப்ளைட் இருந்தது. ஆபத்து வரும்போது அந்த ஊர்க்காரர்களோடு தானும் இருப்பவருக்குத்தான் அந்த ஊரில் வாயைத் திறக்க உரிமை. பத்தாம் நாள் செக்-இன் பண்ணுகிறவருக்குக் கிடையாது.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு எதிர்வாதம் மிச்சம் இருக்கிறது, அது வலுவானதும்கூட. 'எஃப்.எம்.பி.பி.யே வி.பி.எஸ். நடத்திய பையன்களிடமிருந்துதானே வந்தது? அதுவும் பத்து நாள் லீவு ஊழியம்தானே? அதிலிருந்துதானே ராஜ்மகால் வரை போனார்கள்?' என்று. உண்மைதான். ஆனால் அந்தப் பத்து நாள் எங்கே நடந்தது? சொந்த ஜில்லாவில், சொந்த மொழியில், சைக்கிளில் போய்வரும் தூரத்தில். கூப்பிட்ட சபைக்கு அடுத்த வாரமும் போகலாம். தப்பு செய்தால் ஊர்ப் பெரியவர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்வார். அதற்குப் பிறகு அந்த எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தை விட்டுவிட்டுப் பத்து நாளை மட்டும் எடுத்துக்கொண்டால் அதற்கு எஃப்.எம்.பி.பி.யைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது.

வெளிநாடுதான் வேண்டும் என்றால் அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது. அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகிற பக்கம், புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம். 2021இல் அதற்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியது, அங்கே பிறந்து கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றவர்களுக்கும் குடியுரிமை கிடைக்கவில்லை. 2019 திருத்தச் சட்டத்திலும் இலங்கை என்ற பெயர் இல்லை. மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, அவர்கள் பேசுவது நல்ல தமிழ், நம்முடையதைவிட நல்ல தமிழ். யாழ்ப்பாணத்து மாணவர்கள் ஒரு காலத்தில் தொண்டிக்கு ஆள் அனுப்பிய கடனும் அப்படியே நிற்கிறது. கொழும்புக்கு மிஷன் ட்ரிப் டிக்கெட் போட்ட டீமின் கண்ணில் அந்த முகாம் படுவதில்லை.

இன்னொன்று பட்டரவாக்கம். ஸ்டேஷனை விட்டு இறங்கி எஸ்டேட் பக்கம் நடந்தால் ஒரு ரூமில் ஆறு பேர், எட்டு பேர் என்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். எஃப்.எம்.பி.பி. ஆட்கள் ஒன்றரை நாள் ரயில் ஏறிப் போய்த் தேடிய அதே ஜனங்கள், இப்போது அவர்களே ரயில் ஏறி அம்பத்தூருக்கு வந்திருக்கிறார்கள். தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் இந்தத் தண்டவாளத்தில்தான் தினமும் ஓடுகிறது. கை மெஷினில் மாட்டினால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தெரியாது, இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று தெரியாது, சூப்பர்வைசர் கொடுக்கிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. அவர்கள் வயதும் பதினெட்டிலிருந்து இருபத்தைந்துதான். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கும் லீவு. சபையிலிருந்து நடந்து போகிற தூரம்.

ஆனால் அங்கே பலூனோடு போக முடியாது. வேலை செய்து களைத்த பையன் பலூனைப் பார்த்தால் சிரிப்பான். உட்கார்ந்து பேச வேண்டும், பேச இந்தி வேண்டும், சாந்தாலி தெரிந்தால் இன்னும் நல்லது. 1918இல் தொடங்கிய இந்தி பிரசார சபா தி.நகரில் இருக்கிறது. ('ஐயோ இந்தியா?' என்று பதறுகிறவர்கள் ஒடியா படிக்கலாம், அதை யாரும் திணிக்கவில்லை.) சுமாராகப் பேச வர ஒரு வருடம் ஆகும். இந்த ஒரு வருடத்துக்கு டி-சர்ட் தேவைப்படாது, சாட்சி நேரமும் கிடைக்காது, செலவு பஸ் சார்ஜ்தான். மே மாத ட்ரிப்புக்குப் பெயர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இதற்குப் பெயர் கொடுப்பார்கள் என்று அடுத்த ஞாயிறு எந்த பாஸ்டராவது அறிவிப்பு நேரத்தில் கேட்டுப் பார்க்கட்டும்.